அண்டாவை வரைந்தவர்

பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மோனலிசாவைத் தேடித்தான் ஓடுகிறார்கள். கூட்டத்தில் முண்டியடித்து, தலைகளுக்கு மேலாகக் கைபேசியை நீட்டி ஒரு படம் எடுத்தால் வந்த வேலை முடிந்தது. அதே அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான ஒரு சின்ன மரப்பலகை இருக்கிறது. உயரம் 28.5 செ.மீ., அகலம் 23 செ.மீ. ஏறத்தாழ ஒரு ஏ4 தாள் அளவு. அதில் ராஜா இல்லை, ராணி இல்லை, போர் இல்லை, சாமி இல்லை.

ஒரு செப்பு அண்டா இருக்கிறது.

மூன்று கால் மரத் தாங்கியின் மேல் மூடி போட்ட அண்டா. அடியில் ஒரு குழாய். தரையில் ஒரு வாளி, ஒரு ஜாடி, தண்ணீர் மொள்ள ஒரு நீளக் காம்புக் கரண்டி. பின்னால் ஒன்றுமில்லாத பழுப்புச் சுவர். அவ்வளவுதான் படம். 1730-களின் முற்பகுதியில் இதை வரைந்தவர் பெயர் ழான் சிமெயோன் ஷார்தான்.

அப்படி என்ன இருக்கிறது ஒரு அண்டாவில்? இந்தக் கேள்வியை இன்றைக்குக் கேட்பது சுலபம். ஷார்தான் வாழ்ந்த காலத்தில் அதைக் கேட்டவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. அவருக்குப் பதவி கொடுத்தவர்களும் சம்பளம் கொடுத்தவர்களும்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அவர் ஆயுள் முழுக்க அந்தக் கேள்விக்கு நடுவில்தான் கழிந்தது.

ஏணியின் கடைசிப் படி

ஆப்பிள், ரொட்டி, பாத்திரம், பூ, செத்த முயல் போன்ற அசையாப் பொருட்களை வரைவதை ஆங்கிலத்தில் 'ஸ்டில் லைஃப்' என்கிறார்கள். டச்சுக்காரர்கள் வைத்த 'ஸ்டில்லேவன்' என்ற பெயர்தான் அதற்கு மூலம். அசைவற்ற வாழ்வு என்று ஏறக்குறைய சொல்லலாம். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரோ 'நாத்யூர் மோர்த்'. நேராகச் சொன்னால், செத்துப்போன இயற்கை! ஒரே பொருளை ஒரு மொழி வாழ்வு என்கிறது, இன்னொரு மொழி பிணம் என்கிறது. பெயரிலேயே மதிப்பு தெரிந்துவிடுகிறது.

அந்த மதிப்புக்கு ஒரு சட்டமும் இருந்தது. 1667-ல் பிரெஞ்சு அரச ஓவியக் கழகத்தில் நடந்த சொற்பொழிவுகளைத் தொகுத்தவர் ஆந்த்ரே ஃபெலிபியென். அதன் முன்னுரையில் ஓவிய வகைகளை அவர் ஏணி மாதிரி அடுக்கினார். பழமும் பூவும் வரைகிறவர் கடைசிப் படி. அவருக்கு மேலே நிலக்காட்சி வரைகிறவர். அதற்கும் மேலே உயிருள்ள மிருகங்களை வரைகிறவர். பிறகு மனித உருவம் வரைகிறவர். உச்சியில் வரலாறு, புராணம், வேதக் கதைகளை வரைகிறவர். செத்த பொருளை விட உயிருள்ளது மேல், மிருகத்தை விட மனிதன் மேல், ஒரு மனிதனை விட ஒரு கதை மேல் என்பது கணக்கு.

இதை வெறும் கருத்து என்று தள்ளிவிட முடியாது. கழகத்தில் பேராசிரியர் ஆக வேண்டுமானால் வரலாற்று ஓவியராக இருக்க வேண்டும். பெரிய அரண்மனை வேலைகள், பெரிய தொகைகள் எல்லாம் மேல் படிக்காரர்களுக்குப் போகும். கீழ்ப் படியில் இருப்பவர் எவ்வளவு நன்றாக வரைந்தாலும் 'பாவம், கை நல்ல கை, ஆனால் வரைவது கத்தரிக்காய்' என்ற பேச்சுத்தான் மிஞ்சும்.

இந்தக் கடைசிப் படியில்தான் பெண்கள் அதிகம் நின்றார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நிர்வாண மனித உடலைப் பார்த்து வரையும் பயிற்சி பெண்களுக்கு மறுக்கப்பட்டது. அந்தப் பயிற்சி இல்லாமல் வரலாற்று ஓவியம் வராது. ஆகவே பூவும் பழமும் பாத்திரமும்தான் அவர்களுக்குத் திறந்திருந்த கதவு. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த கிளாரா பீட்டர்ஸ் தன் படங்களில் இருக்கும் பளபளப்பான கோப்பைகளின் வளைவில் தன் முகத்தையே குட்டியாக வரைந்து வைத்தார். பாலாடைக்கட்டியையும் மீனையும் பார்க்க வருகிறவர்கள் உற்றுப் பார்த்தால், வரைந்தவள் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

தச்சன் மகன்

ஷார்தான் 1699 நவம்பர் 2-ந் தேதி பாரிசில் பிறந்தார். அப்பா மரவேலைக்காரர். பில்லியர்ட்ஸ் மேசைகள் செய்வதில் கெட்டிக்காரர். பையனுக்குக் கைத்தொழில் தெரிந்தால் போதும் என்று நினைத்தாரே தவிர லத்தீனும் இலக்கியமும் படிக்க வைக்கவில்லை. புராணமும் வரலாறும் தெரியாதவன் வரலாற்று ஓவியன் ஆவது எப்படி? இந்தக் குறை ஷார்தானுக்குக் கடைசிவரை இருந்தது. பின்னால் அது வேறு ஒருவரின் வாழ்க்கையைப் பாதித்தது. அந்தக் கதை பிறகு.

அவருக்கு நெருங்கிய நண்பரான கோஷான் எழுதிய நினைவுக் குறிப்பில் ஒரு முயல் வருகிறது. யாரோ இளம் ஷார்தானுக்கு ஒரு செத்த காட்டு முயலைக் கொடுத்தார்களாம். அதை வரைய உட்கார்ந்தவருக்குத் திகைப்பு. மற்றவர்கள் முயலை எப்படி வரைந்தார்கள் என்பதையெல்லாம் மறந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். ஒவ்வொரு முடியாக எண்ணி வரைவதையும் விட்டார். தள்ளி நின்று, வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே சாய்கிறது, மொத்தமாக அந்த உடம்பு கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று மட்டும் பார்த்தார். ஆயுள் முழுக்க அவர் செய்தது இந்த ஒரே வேலைதான்.

அடுத்தது திருக்கை மீன். லூவரில் இன்றும் தொங்குகிற இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். கொக்கியில் மாட்டிய ஒரு பெரிய திருக்கை. வயிற்றைக் கீறியிருக்கிறார்கள், உள்ளே இருக்கும் சிவப்பெல்லாம் தெரிகிறது. மூக்குத் துளையும் வாயும் சேர்ந்து ஒரு மனித முகம் வேதனையில் சிரிப்பதைப் போல இருக்கிறது. இடது பக்கம் சிப்பிகளின் மேல் ஒரு பூனைக்குட்டி முதுகைத் தூக்கி, மயிர் சிலிர்த்து நிற்கிறது. வலது பக்கம் ஜாடி, சட்டி, கரண்டி, விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கத்தி. மீன் வெட்டும் எந்த அடுப்படியிலும் காணக்கூடிய காட்சி. பயமும் பசியும் ஒரே இடத்தில்.

1728-ல் இந்தப் படத்தையும் வேறு சிலவற்றையும் எடுத்துக்கொண்டு கழகத்துக்குப் போனார் ஷார்தான். அங்கே ஒரு குறும்பு செய்ததாகக் கோஷான் சொல்கிறார். படங்களை ஏதோ யதேச்சையாக இருப்பது போல ஒரு முன்னறையில் வைத்துவிட்டு உள்ளறையில் காத்திருந்தாராம். வந்த மூத்த ஓவியர் லார்ஜிலியேர் அவற்றைப் பார்த்து, யாரோ தேர்ந்த பிளெமிஷ் ஓவியர் வரைந்தது என்று நினைத்துப் பாராட்டிவிட்டார். வரைந்தவர் எதிரில் நிற்கிற பையன்தான் என்று பிறகுதான் தெரிந்தது. 1728 செப்டம்பர் 25-ந் தேதி, ஒரே நாளில் விண்ணப்பமும் அனுமதியும் முடிந்து அவர் உறுப்பினர் ஆனார். மிக அபூர்வமான விஷயம் இது.

ஆனால் பதிவேட்டில் எழுதியது என்ன தெரியுமா? மிருகங்களையும் பழங்களையும் வரைவதில் திறமை உள்ளவர் என்று. உள்ளே விட்டார்கள், ஏணியில் எந்தப் படி என்பதையும் கையோடு எழுதிவிட்டார்கள்.

சாசேஜ் வரைவது போலவா?

ஷார்தானுக்கு முன்னால் 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இந்தக் கலையில் கொடிகட்டிப் பறந்தார்கள். பீட்டர் கிளாஸ், வில்லெம் ஹேடா போன்றவர்கள் காலை உணவு மேசைகளை அற்புதமாக வரைந்தார்கள். கடல் வணிகத்தில் பணம் கொழித்த நாடு அது. எனவே மேசை மேல் சீனத்துப் பீங்கான், பாதி உரித்த எலுமிச்சை, வெள்ளிக் கோப்பை, தூரதேசத்துச் சங்கு எல்லாம் வரும். பக்கத்திலேயே ஒரு மண்டையோடோ, கடிகாரமோ, அணைந்த மெழுகுவர்த்தியோ இருக்கும். 'எல்லாம் ஒருநாள் போய்விடும்' என்ற உபதேசம் அது. பணக்காரன் தன் சொத்தையும் காட்டிக்கொள்ளலாம், சொத்தின் மேல் பற்றில்லாதவன் மாதிரியும் காட்டிக்கொள்ளலாம். நல்ல சரக்கு!

ஷார்தானின் அடுப்படியில் இந்த இரண்டுமே இல்லை. பகட்டும் இல்லை, பாடமும் இல்லை. ஒரு செப்புச் சட்டி, இரண்டு முட்டை, வெங்காயம், உரல், உலக்கை. அவ்வளவுதான். பார்க்கிறவனிடம் அவர் எதையும் விற்கவும் இல்லை, எதையும் போதிக்கவும் இல்லை.

அப்படியிருந்தவர் 1730-களில் மனிதர்களை வரைய ஆரம்பித்தார். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. அவெத் என்று ஒரு நண்பர், முகச்சித்திரம் வரைகிறவர். ஒரு முகச்சித்திரத்துக்கு 400 லிவ்ரு தருகிறேன் என்று யாரோ கேட்க, போதாது என்று அவர் மறுத்துவிட்டார். நல்ல தொகையாச்சே, ஏன் விட்டாய் என்று ஷார்தான் கேட்டார். அதற்கு அவெத், முகம் வரைவது என்ன சாசேஜ் வரைவது போல அத்தனை சுலபமா என்று சொல்லிவிட்டாராம். அந்தச் சமயத்தில் ஷார்தான் நிஜமாகவே ஒரு சாசேஜைத்தான் வரைந்துகொண்டிருந்தார்! நண்பன் விளையாட்டாகச் சொன்னாலும் சுருக்கென்று தைத்திருக்கிறது.

அவர் மனிதர்களை வரைந்தார். ஆனால் யாரை? கிரேக்க வீரர்களையோ தேவதைகளையோ இல்லை. அடுப்படியில் அதே சட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பெண்களை.

நின்றுபோன கை

1738-ல் தேதியிட்ட ஒரு படத்தில் ஒரு பெண் டர்னிப் கிழங்கு சீவிக்கொண்டிருக்கிறாள். சரியாகச் சொன்னால், சீவுவதை நிறுத்திவிட்டாள். ஒரு கையில் பாதி சீவிய கிழங்கு, மறு கையில் கத்தி. கண் எங்கேயோ இருக்கிறது. பக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரத்தில் சீவி முடித்த கிழங்குகள். தரையில் பூசணிக்காய், சட்டிகள். பின்னால் ஒரு வெட்டுக் கட்டையில் பதிந்த கத்தி. அவள் என்ன நினைக்கிறாள்? ஊரையா, சம்பளத்தையா, யாரையாவதா, ஒன்றுமே இல்லையா? ஷார்தான் சொல்லவில்லை. வேலைக்கு நடுவில் வீட்டுப் பெண்கள் ஒரு கணம் அப்படி நின்று போவதைக் காணாதவர் யாரும் இருக்க முடியாது. ஆனால் அந்தக் கணத்தை எண்ணெய் வண்ணத்தில் வரையத்தக்கது என்று நினைத்தவர்கள் குறைவு.

1739-ல் தேதியிட்டது லூவரில் இருக்கும் 'சந்தையிலிருந்து திரும்பியவள்'. வேலைக்காரப் பெண் கடையிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறாள். பெரிய ரொட்டிகளை மேசையில் இறக்கி, அந்த ரொட்டியின் மேலேயே கையை ஊன்றிக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறாள். இன்னொரு கையில் துணியில் கட்டிய இறைச்சி இன்னும் தொங்குகிறது. பாரத்தை இறக்கியும் இறக்காத நிலை. பின்னால் கதவுக்கு அப்பால் இன்னொரு வேலைக்காரி வாசலில் யாரோடோ பேசுகிறாள். அந்த அறையில் இருப்பது யார் தெரியுமா? நம்முடைய செப்பு அண்டா! தனிப் படத்தில் நாயகனாக நின்றது, இங்கே துணைப் பாத்திரம்.

அந்த அண்டாவுக்கு அந்த வீட்டில் என்ன வேலை என்பதையும் பார்த்துவிடலாம். 18-ஆம் நூற்றாண்டுப் பாரிசில் வீட்டுக்கு வீடு குழாய் கிடையாது. பொதுக் குழாயிலோ சேன் ஆற்றிலோ நிரப்பிய வாளிகளைத் தோளில் சுமந்து, மாடிப்படி ஏறி விற்கத் தனித் தொழிலாளிகள் இருந்தார்கள். காசு கொடுத்து வாங்கிய அந்தத் தண்ணீரை ஊற்றி வைக்கத்தான் அண்டா. கசடு அடியில் தங்கும், தெளிந்த நீரைக் குழாயில் பிடித்துக்கொள்ளலாம். செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறினால் விஷம், அதனால் உள்ளே ஈயம் பூச வேண்டும். சமையல், குடிநீர், கழுவல் எல்லாமே அந்த அண்டாவை நம்பித்தான். அது காலியானால் வீடு நின்றுவிடும். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஷார்தான் வரைந்தது அலங்காரப் பொருள் அல்ல. ஒரு குடும்பத்தின் உயிர்நாடி.

விற்பனைக் கணக்கு

இனி கொஞ்சம் வியாபாரம். 1737 முதல் லூவரில் 'சலோன்' என்ற பொதுக் கண்காட்சி முறையாக நடக்கத் தொடங்கியது. கட்டணம் இல்லை, யார் வேண்டுமானாலும் வரலாம். கடைக்காரரும் வேலைக்காரரும் கூட வந்து பார்த்தார்கள். ஷார்தான் படங்களில் அவர்கள் வீடு இருந்தது.

வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால்தான் வேடிக்கை. 1740-ல் ஷார்தானுக்குப் பதினைந்தாம் லூயி மன்னரைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. அப்போது அவர் காணிக்கையாகக் கொடுத்த இரண்டு படங்களில் ஒன்று 'சாப்பாட்டுக்கு முன் பிரார்த்தனை'. அம்மா தட்டில் சூப் ஊற்றுவதற்கு முன், சின்னப் பிள்ளை கை கூப்பிப் பிரார்த்தனையை ஒப்பிக்கிறது. அம்மாவின் பார்வை, வார்த்தையை விழுங்குகிறதா பார்ப்போம் என்பது போல இருக்கிறது. ஸ்வீடன் அரச குடும்பம், ரஷ்யாவின் கேத்தரின், பிரஷ்யாவின் ஃபிரெடெரிக் ஆகியோரும் ஷார்தானை வாங்கினார்கள். தங்கள் அரண்மனையின் அடுப்படிக்குள் ஒருநாளும் நுழைந்திராதவர்கள், அடுப்படிப் படத்தைச் சுவரில் மாட்டி ரசித்தார்கள்!

மூலப் படம் அரசர்களுக்குப் போனாலும் நடுத்தர வீடுகளுக்கு அச்சுப் பிரதி போனது. ஷார்தானின் வீட்டுக் காட்சிகளைச் செதுக்கு ஓவியங்களாக அச்சிட்டுக் குறைந்த விலைக்கு விற்றார்கள். நன்றாக ஓடியது. ஆனால் அச்சுக்காரர்களுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. படத்தின் கீழே நீதி சொல்லும் செய்யுள்களை ஒட்டிவிட்டார்கள். ஷார்தான் சொல்லாமல் விட்டதையெல்லாம் அவர்கள் சொன்னார்கள்.

ஒரு அப்பாவின் கணக்கு

இத்தனைக்கும் நடுவில் அவர் வீட்டுக்குள் என்ன நடந்தது? 1731-ல் மார்கரீத் சேந்தார் என்ற பெண்ணை மணந்தார். நிச்சயம் செய்தபோது பெண் வீட்டில் வசதி இருந்தது. மணம் முடிவதற்குள் அந்தப் பணம் போய்விட்டது. அப்பா வேண்டாம் என்றும் கேட்காமல் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நான்கே வருடம், 1735-ல் மனைவி இறந்தார். கொஞ்ச நாளில் பெண் குழந்தையும் போயிற்று. மிஞ்சியது மகன் ழான் பியேர். 1744-ல் வசதியுள்ள ஒரு விதவையை மறுமணம் செய்தார். அதில் பிறந்த பெண் குழந்தையும் நிலைக்கவில்லை.

1755-ல் கழகம் அவரைப் பொருளாளர் ஆக்கியது. குழப்பமாகக் கிடந்த கணக்குகளைச் சீர் செய்து கிட்டத்தட்ட இருபது வருடம் பார்த்துக்கொண்டார். கணக்கு எழுதுவதில் மனைவி பெரிதும் கைகொடுத்தார். சலோன் சுவரில் யார் படம் எங்கே தொங்க வேண்டும் என்று முடிவு செய்யும் வேலையும் அவரிடம் வந்தது. எல்லோரும் கண் மட்டத்தில் இடம் கேட்பார்கள், எல்லோருக்கும் கொடுக்க முடியாது. ஏணியின் கடைசிப் படிக்காரர் மற்ற எல்லாருடைய படத்தையும் ஏணி போட்டு மாட்டினார்.

இப்போது அந்த மகனின் கதை. சட்டிக்கும் வெங்காயத்துக்கும் இத்தனை மரியாதை கொடுத்த ஷார்தான், தன் மகனை என்ன ஆக்க விரும்பினார்? வரலாற்று ஓவியன்! தனக்குக் கிடைக்காத படிப்பை மகனுக்குக் கொடுத்தார். அந்த மேல் படியில் அவனாவது ஏறட்டும் என்று நினைத்தார். 1754-ல் பையன் கழகத்தின் பெரிய பரிசை வென்றான். ரோமுக்குப் போனான். அங்கே அவனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்பாவின் பெயர் அவன் தலையில் பாரமாக உட்கார்ந்தது போலும். 1762-ல் திரும்பும் வழியில் ஜெனோவா அருகே ஆங்கிலேயக் கடற்கொள்ளையரிடம் சிக்கி விடுதலையானான். பிறகு வெனிசுக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. கால்வாயில் மூழ்கி இறந்தான் என்பதே பரவலாகச் சொல்லப்படும் செய்தி. தற்கொலை என்று கருதுகிறவர்களும் உண்டு.

தன் வாழ்நாள் முழுவதும் அந்த ஏணி பொய் என்று தூரிகையால் நிரூபித்த மனிதர், தன் பிள்ளைக்கு மட்டும் அந்த ஏணியை நம்பினார். இதில் அவரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் தான் செய்த தொழிலில் பெயர் வாங்கிய பின்னும் 'என் பிள்ளை இதைவிடப் பெரிதாக வரட்டும்' என்று நினைக்காத அப்பா எந்த ஊரில் இருக்கிறார்? தான் பட்ட அவமானம் பிள்ளைக்கு வேண்டாம் என்பதுதான் அந்த ஆசையின் வேர். அந்த ஆசை பிள்ளையின் தோளில் எத்தனை கிலோ என்பது அப்பாவின் தராசில் தெரிவதில்லை.

1765 சலோன் சமயத்தில் ஷார்தான் சொன்னதாக விமர்சகர் தெனி திதரோ ஒரு நீண்ட பேச்சைப் பதிவு செய்திருக்கிறார். சாரம் இதுதான்: படங்களைத் திட்டுகிறவர்களே, கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள். ஏழெட்டு வயதில் எங்கள் கையில் கரித்துண்டைக் கொடுக்கிறார்கள். கண், மூக்கு, காது, கை, கால் என்று வருடக்கணக்காக வரைகிறோம். இரவு விளக்கில் கண்ணீர் விட்டிருக்கிறோம். பாதிப் பேர் தோற்றுப்போய்ச் சிப்பாயாகவோ நடிகனாகவோ ஆகிவிடுகிறார்கள். இந்தச் சுவரில் இருக்கும் மோசமான படத்தைக் கூட வரைய முடியாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியுமா?

அந்தப் பேச்சின் காலத்தில் அவர் மகனுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. பேச்சில் மகன் பெயர் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை.

மூன்று பூண்டு

வயதான காலத்தில் ஷார்தான் மனிதர்களை விட்டுவிட்டு மறுபடியும் பொருட்களிடம் வந்தார். 1761 வாக்கில் வரைந்த ஒரு படம் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர், ஒரு காபிப் பாத்திரம், மூன்று பூண்டு. எண்ணினால் ஐந்தே பொருள், கூடவே ஒரு சின்னக் கீரைத் தண்டு. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் தண்ணீரும் இல்லை, கண்ணாடியும் இல்லை. திப்பித் திப்பியாக அப்பிய வண்ணம் மட்டும்தான். நாலு அடி பின்னால் வந்தால் தம்ளர் நிரம்புகிறது. பூண்டின் மேல்தோல் ஊதினால் பறக்கும் போல இருக்கிறது. திதரோ இதைத்தான் மாயம் என்று வியந்து வியந்து எழுதினார். பக்கத்தில் போனால் எல்லாம் கலைகிறது, தள்ளி நின்றால் எல்லாம் திரும்பி வருகிறது என்று.

எப்படிச் செய்தார் என்று கேட்டால் பதில் இல்லை. தன் கலையைப் பற்றி ஷார்தான் எதுவும் எழுதி வைக்கவில்லை. மெதுவாக வரைகிறவர் என்பது மட்டும் தெரியும். நீண்ட ஆயுளில் இன்று மிஞ்சியிருப்பவை சுமார் 200 ஓவியங்கள்தான். அதே வெள்ளிக் குவளை, அதே அண்டா, அதே சட்டி திரும்பத் திரும்ப வருகின்றன. புதுப் பொருள் தேடி அவர் அலையவில்லை, அதே பொருளைப் புதிதாகப் பார்த்தார்.

கடைசியில் எண்ணெய் வண்ணம் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 70 வயதுக்கு மேல் பாஸ்டல் சுண்ணக்கோல்களை எடுத்து முகங்கள் வரைந்தார். 1771-ல் மூக்குக் கண்ணாடி போட்ட தன் முகம். 1775-ல் தலையில் துணி கட்டி, கண்ணுக்கு மேல் பச்சை மறைப்பு வைத்த தன் முகம். கிழவர் கண்ணாடிக்கு மேலாக நேராகப் பார்க்கிறார். ஒரு பூண்டைப் பார்த்த அதே பொறுமையோடு தன் சுருக்கங்களையும் பார்த்திருக்கிறார். 1779 டிசம்பர் 6-ந் தேதி காலமானார்.

விலை ஏறிய கதை

செத்த பின் அவரை மறந்தே போனார்கள். பிரெஞ்சுப் புரட்சியும் வீரம் பேசும் மாபெரும் ஓவியங்களும் வந்த காலத்தில் யாருக்கு வேண்டும் அண்டா? 19-ஆம் நூற்றாண்டில் லூயி லா காஸ் என்ற பாரிஸ் மருத்துவர், யாரும் சீந்தாத 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்களை மலிவாக வாங்கிச் சேர்த்தார். 1869-ல் அவர் இறந்தபோது 583 ஓவியங்கள் லூவருக்குப் போயின. ஷார்தான் ஓவியங்கள் பல அதில் இருந்தன. நம்முடைய செப்பு அண்டாவும் அப்படித்தான் லூவருக்குள் நுழைந்தது.

1895 வாக்கில் மார்செல் புரூஸ்ட் ஷார்தானைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் வாழ்நாளில் அது அச்சாகவில்லை. அதில் ஓர் இளைஞன் மதியச் சாப்பாடு முடிந்த மேசையைப் பார்த்து வெறுத்துப் போய் உட்கார்ந்திருக்கிறான். அழகெல்லாம் அரண்மனைகளில் இருக்கிறது, தன் வீட்டில் எச்சில் தட்டுதான் இருக்கிறது என்று அவனுக்கு எரிச்சல். அவனை லூவருக்கு அழைத்துப் போய் ஷார்தான் முன்னால் நிறுத்த வேண்டும் என்கிறார் புரூஸ்ட். படத்தில் அழகாகத் தெரிவது, ஷார்தானுக்கு முதலில் வீட்டில் அழகாகத் தெரிந்தது. அதனால்தான் வரைந்தார்.

2022 மார்ச்சில் பாரிசில் ஓர் ஏலம். ஷார்தான் 1761 சலோனில் வைத்த 'காட்டு ஸ்ட்ராபெரிக் கூடை'. கோபுரமாகக் குவித்த சிவப்புப் பழங்கள், ஒரு தம்ளர் தண்ணீர், இரண்டு வெள்ளைப் பூக்கள், ஒரு பீச், இரண்டு செர்ரி. கட்டணங்கள் சேர்த்து 2 கோடியே 40 லட்சம் யூரோவுக்கு மேல் போனது! அமெரிக்காவுக்குப் போகவிருந்த படத்தைப் பிரான்ஸ் தேசியச் செல்வம் என்று அறிவித்து நிறுத்தியது. பெரும்பங்கை ஒரு பெரிய நிறுவனம் கொடுத்தது. மீதியில் ஒரு பகுதிக்கு லூவர் பொதுமக்களிடம் கை நீட்டியது. சுமார் 10,000 பேர் பணம் அனுப்பினார்கள். 2024-ல் கூடை லூவருக்கு வந்து சேர்ந்தது.

விலையை வைத்து மதிப்பைச் சொல்வதானால் ஏணி தலைகீழாகிவிட்டது என்று சொல்லலாம். ஃபெலிபியெனின் உச்சிப் படியில் நின்ற பல பெயர்கள் இன்று பாடப் புத்தகத்தில் கூட இல்லை. ஆனால் கோடிகளை விடப் பெரிய விஷயம் அந்த 10,000 பேர். அவர்களில் யாருக்கும் அந்தக் கூடை சொந்தம் இல்லை. ஒரு கிண்ணம் பழம் அங்கே, எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருக்கட்டும் என்பதற்காகக் கொடுத்தார்கள்.

அந்த அண்டா இன்றும் அதே மூன்று காலில் நிற்கிறது. அதில் தண்ணீர் ஊற்றியவன் பெயர் தெரியாது. அதிலிருந்து தண்ணீர் பிடித்தவள் பெயர் தெரியாது. குழாய்க்குக் கீழே வாளி மட்டும் காத்திருக்கிறது. சற்று முன்தான் யாரோ எழுந்து போன மாதிரி.